விண்கலத்தில் இரண்டு பெண்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் ‘திஸ் ஈஸ் ஹவ் யூ லூஸ் த டைம் வார்’ நாவலைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். காலத்துக்குள் புகுந்து புகுந்து சண்டை போடும் இரண்டு எதிரிப் படைகள், ஆளுக்கொரு பெண் உளவாளி, அந்த இருவருக்கும் நடுவே கடிதம் வழியாக வளரும் காதல். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்தக் காதலைப் பற்றியே இருந்தன, அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்றிரண்டு இடத்தில் கதையின் முடிவைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், வேண்டாதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

கேள்வி: மிகுபுனைவு (ஃபேண்டஸி) நாவல் எதையும் ஆங்கிலத்தில் படித்ததில்லை. எண்ணூறு பக்கம், முதல் பக்கத்திலேயே வரைபடம், வாயில் நுழையாத பெயர்கள், பார்த்தாலே பயமாக இருக்கிறது. பெண்ணும் பெண்ணும் காதலிக்கும் கதைகளில் எதிலிருந்து தொடங்கலாம்?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

டிராவிஸ் பால்ட்ரீ எழுதிய ‘லெஜெண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்’. யோசிக்கவே வேண்டாம். நாயகி விவ் ஓர் ஆர்க், அதாவது இந்த வகைக் கதைகளில் வழக்கமாக நாயகனிடம் வெட்டுப்பட்டுச் சாவதற்கென்றே வரும் முரட்டு இனத்தைச் சேர்ந்தவள். காலமெல்லாம் கூலிக்கு வாள் வீசியவள், போதும் என்று முடிவு செய்து தூன் என்ற ஊருக்கு வந்து ஒரு பழைய குதிரைக் கொட்டகையை வாங்கி, அதில் காபிக் கடை போடுகிறாள். காபி என்றால் என்னவென்றே அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கடையில் வேலைக்கு வந்து சேர்கிறாள் டாண்ட்ரி, ஆண்களை மயக்கிக் கெடுக்கும் இனம் என்று ஊர் ஒதுக்கி வைத்திருக்கும் இனத்துப் பெண். ஒருத்தியைப் பார்த்தால் வெட்டுவாள் என்று நினைக்கிறார்கள், இன்னொருத்தியைப் பார்த்தால் மயக்குவாள் என்று நினைக்கிறார்கள். இருவரும் விடியற்காலையில் கடையைத் திறந்து, பெஞ்சைத் துடைத்து, விலைப்பலகை எழுதி, என்ன விற்கலாம் என்று பேசிப் பேசியே நெருங்குகிறார்கள். முத்தம் வருவதற்குள் புத்தகம் முடியப்போகிறது. ஆனால் அதற்கு ரொம்ப முன்னாலேயே நமக்குத் தெரிந்துவிடும், அவர்களுக்கு முன்னால் நமக்குத் தெரிந்துவிடும், அதுதான் அதில் உள்ள சுகம். முதல் காபி போடும் இடத்தைப் படித்துவிட்டு நான் எழுந்து போய் டிக்காஷன் இறக்கினேன்.

பால்ட்ரீ ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுப்பவர். 2021 நவம்பரில் ஒரே மாதத்தில் முதல் வரைவை எழுதி, 2022 பிப்ரவரியில் தானே வெளியிட்டார், பிறகு பெரிய பதிப்பகம் தேடி வந்து எடுத்துக்கொண்டது. ஆங்கிலம் எளிது. வரைபடம் இல்லாமலே வழி தெரியும்.

கேள்வி: டிவி தொடரோ நாவலோ, இரண்டு பெண்கள் காதலித்தால் ஒருத்தி செத்துப்போகிறாள். கற்பனை உலகத்தில்கூட வாழவிட மாட்டார்களா?
– வாசகர், திருச்சி

இந்தக் கேள்விக்கு எனக்குக் கொஞ்சம் அதிக இடம் வேண்டும்.

‘கார்மில்லா’விலிருந்து தொடங்குகிறேன். அயர்லாந்துக்காரர் ஷெரிடன் லெ ஃபனு எழுதி 1872-ல் புத்தகமாக வந்த குறுநாவல், டிராகுலாவுக்கு 25 வயது மூத்தது. ஸ்டிரியா என்ற பகுதியில் ஆள் நடமாட்டமில்லாத ஒரு கோட்டையில் அப்பாவோடு தனியாக வளரும் லாரா, வண்டி கவிழ்ந்து விருந்தாளியாக வந்து சேரும் கார்மில்லா. அவள் லாராவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசும் பேச்சு காதலியின் பேச்சு, அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. இரத்தம் குடிக்கும் பேய் என்று தெரிந்ததும் பெரிய மனிதர்கள் கூடிக் கல்லறையைத் திறந்து, நெஞ்சில் முளை அறைந்து, தலையை வெட்டி, எரித்துவிடுகிறார்கள். அத்தோடு கதை முடியவில்லை. கடைசி வரியில், எத்தனையோ நாள் கழித்தும், வரவேற்பறை வாசலில் கார்மில்லாவின் மெல்லிய காலடி கேட்பதாக லாராவுக்குத் தோன்றுகிறது. அவளைக் கொல்லவைத்த அதே எழுத்தாளர்தான் இந்த வரியையும் எழுதினார். இந்த ஒரு வரிக்காகவே நான் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

அப்புறம் 1952. இது மிகுபுனைவு இல்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் மரிஜேன் மீக்கர் என்ற இளம்பெண் வின் பாக்கர் என்ற புனைபெயரில், கல்லூரி விடுதியில் காதலிக்கும் இரண்டு மாணவிகளைப் பற்றி ‘ஸ்பிரிங் ஃபயர்’ என்ற நாவலை எழுதுகிறார். பதிப்பாசிரியர் ஒரு நிபந்தனை போடுகிறார்: முடிவு மகிழ்ச்சியாக இருக்கக் கூடாது. காரணம் தபால் இலாகா. தன்பாலீர்ப்பை நல்லபடியாகக் காட்டும் புத்தகம் என்று அவர்கள் கண்ணில் பட்டால் ஆபாசம் என்று சொல்லி கட்டோடு பறிமுதல் செய்துவிடலாம். ஆகவே ஒருத்தி மனம் பேதலித்துப் போகிறாள், இன்னொருத்தி நான் அவளைக் காதலிக்கவே இல்லை என்று தெளிகிறாள். புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. அதே ஆண்டில்தான் பட்ரீசியா ஹைஸ்மித் ‘த பிரைஸ் ஆஃப் சால்ட்’டை இருவரும் சேர்வதற்கான நம்பிக்கையோடு முடித்தார். அவரும் வேறு பெயருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டியிருந்தது, தன் பெயரைப் போட்டுக்கொள்ள 1990 வரை ஆனது.

சோக முடிவுதான் ஆழமானது, கலைத்தன்மை உள்ளது, சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று முடித்தால் அது குழந்தைக் கதை என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தலைமுறைக்கு அந்த முடிவைப் பழக்கியதில் தபால்காரரின் சட்டத்துக்கும் பங்கு இருக்கிறது என்று தெரிந்தபிறகு அந்த வாதத்தை என்னால் ஏற்க முடிவதில்லை. மிகுபுனைவில் இது இன்னும் உறுத்துகிறது. இரண்டு நிலவு, பேசும் டிராகன், இறந்தவரை எழுப்பும் மந்திரம், எல்லாவற்றையும் படைத்துக்கொள்ளும் உரிமை உள்ள ஒருவர், இரண்டு பெண்கள் சேர்ந்து கிழவிகளாகும் ஒரு வீட்டை மட்டும் படைக்க முடியவில்லை என்றால், அது முடியாமை இல்லை, அவர் எடுத்த முடிவு.

டிவியைச் சொன்னீர்கள். ‘பஃபி’ தொடரில் 2002-ல் டாராவும், ‘த 100’ தொடரில் 2016 மார்ச்சில் லெக்சாவும் கொல்லப்பட்டார்கள். இருவருமே வேறு யாரையோ குறி வைத்த குண்டுக்கு இரையானவர்கள், இருவருமே காதலியோடு மனம் விட்டு ஒன்றுசேர்ந்த சற்று நேரத்தில் இறந்தவர்கள். பதினான்கு வருட இடைவெளியில் ஒரே குண்டு! லெக்சாவின் மரணத்துக்குப் பிறகு ரசிகர்கள் கோபத்தோடு நிற்காமல், தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமை இளைஞர்களின் தற்கொலையைத் தடுக்க உழைக்கும் டிரெவர் ப்ராஜெக்ட் அமைப்புக்கு லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அது வெறும் கதாபாத்திரத்தின் சாவாகத் தெரியவில்லை.

இப்போது எனக்கே முடிவாகாத ஒரு புத்தகம் (இந்தப் பத்தியில் முடிவைச் சொல்கிறேன், படிக்கப்போகிறவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்). சேத் டிக்கின்சனின் ‘த டிரெய்ட்டர் பாரு கார்மரன்ட்’, 2015. பாரு ஒரு தீவுப் பெண், ஒரு தாய்க்கும் இரண்டு தந்தையருக்கும் பிறந்தவள். பேரரசு வருகிறது, துப்பாக்கியோடு வராமல் காகிதப் பணத்தோடும் பள்ளிக்கூடத்தோடும் வருகிறது, ஒரு நாள் அவளுடைய தந்தையரில் ஒருவர் காணாமல் போகிறார், ஏனென்றால் ஆண் ஆணைக் காதலிப்பது பேரரசின் சட்டப்படி நோய். பேரரசை உள்ளிருந்தே உடைப்பேன் என்று பாரு அவர்களிடமே கணக்காளராகச் சேர்கிறாள். ஒரு நாட்டைக் கணக்குப் புத்தகத்தாலேயே எப்படி ஆட்டிவைக்கலாம் என்று இந்த நாவல் காட்டுவதுபோல் வேறெதிலும் நான் பார்த்ததில்லை. டெயின் ஹூ என்ற கோமகளை அவள் காதலிக்கிறாள், கடைசியில் அவளையே பலி கொடுக்கிறாள். படித்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஆனால் இந்தச் சாவை நான் அந்தக் குண்டுகளோடு சேர்க்க மாட்டேன். எங்கிருந்தோ வந்த குண்டு இங்கே இல்லை. எந்தச் சட்டம், எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கணக்கு அவளைக் கொன்றது என்று முதல் பக்கத்திலிருந்தே நமக்குக் காட்டிக்கொண்டு வருகிறார். ஆனாலும் மனசு சரியில்லாத நாளில் இதைக் கையில் எடுக்காதீர்கள்.

கேள்வி: விண்வெளிக் கதை என்றால் விண்வெளியைப் பற்றி எழுதட்டும். ஏன் இந்தக் காதலை எல்லாம் உள்ளே திணிக்கிறார்கள்?
– வாசகர், சேலம்

திணிப்பது என்றால் இல்லாத இடத்தில் புகுத்துவது. கேப்டனுக்கு ஒரு காதலி, விஞ்ஞானிக்கு ஓர் அழகான மகள், வேற்றுக்கிரகத்தில் ஓர் இளவரசி என்று நூறு வருடமாக விண்வெளிக் கதையில் காதல் இருந்துகொண்டேதான் இருக்கிறது. அது நம் கண்ணில் காதலாகக்கூடப் படவில்லை, மேசை நாற்காலி மாதிரி கதையின் சாமானாகிவிட்டது. காதலி இடத்தில் ஒரு பெண்ணும் கேப்டன் இடத்தில் இன்னொரு பெண்ணும் வந்ததும்தான் கவனிக்கிறோம்.

நீங்கள் ஒரே ஒரு சிறுகதை படியுங்கள். ஜோவானா ரஸ் எழுதிய ‘வென் இட் சேஞ்ச்ட்’, 1972, அறிவியல் புனைகதைக்கான நெபுலா விருது வாங்கியது. வைல்அவே என்ற கிரகத்தில் பல தலைமுறைக்கு முன் வந்த கொள்ளைநோயில் ஆண்கள் எல்லாரும் இறந்துபோனார்கள். பெண்கள் பிழைத்தார்கள், பண்ணை வைத்தார்கள், இயந்திரம் செய்தார்கள், சண்டை போட்டார்கள், குடும்பம் நடத்தினார்கள். ஜேனட், அவள் மனைவி கேட்டி, மகள் யூகி. ஒரு நாள் பூமியிலிருந்து நான்கு ஆண்கள் வந்து இறங்கி, நல்லவிதமாகத்தான், மரியாதையாகத்தான் கேட்கிறார்கள்: உங்கள் மக்கள் எல்லாம் எங்கே? எதிரில் நிற்பவர்களைப் பார்த்தே கேட்கிறார்கள். மக்கள் என்று அவர்கள் சொன்னது ஆண்களைத்தான் என்று புரிய ஜேனட்டுக்குச் சற்று நேரம் ஆகிறது. சில பக்கம்தான் கதை. அந்தக் கேள்வி மட்டும் ரொம்ப நாள் காதில் இருக்கும்.

பெண்கள் மட்டும் நடத்தும் உலகம் என்ற கற்பனைக்கு நம் ஊரோடு ஒரு தொடர்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வங்காளத்து ரொக்கையா சகாவத் ஹொசைன் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ முதலில் அச்சானது சென்னையில், ‘த இந்தியன் லேடீஸ் மேகஸின்’ பத்திரிகையில், 1905-ல். ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் வெளியே, சூரிய சக்தியில் சமையல், பறக்கும் வண்டி. காதல் கதை இல்லை அது. ஆனால் ஆணைச் சுற்றாத ஓர் உலகத்தைக் கற்பனை செய்துவிட்டால் பாதிக் கதவு திறந்துவிடும்.

கேள்வி: ஆண்கள் இந்தக் காதலை எழுதலாமா?
– பெயர் வேண்டாம், சென்னை

எழுதலாம். பால்ட்ரீ ஆண், டிக்கின்சன் ஆண், லெ ஃபனு ஆண். அந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்க்கிறார்களா, அல்லது ஓர் ஆண் பார்ப்பதற்காக அங்கே நிற்கவைக்கப்பட்டிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். இரண்டு பக்கத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி: நீங்கள் எழுதியதை நம்பி ‘டைம் வார்’ வாங்கினேன். முப்பது பக்கத்துக்கு மேல் போக முடியவில்லை. யார், எங்கே, எந்தக் காலம், ஒன்றும் புரியவில்லை.
– வாசகி, மதுரை

எனக்கும் முதல் தடவை இப்படித்தான் ஆனது. போரைப் புரிந்துகொள்ள முயற்சி செய்யாதீர்கள், அதை ஆசிரியர்களே விளக்க நினைக்கவில்லை. ஒரு பக்கம் இயந்திரத்தின் உலகம், ஏஜென்சி. இன்னொரு பக்கம் செடிகொடியின் உலகம், கார்டன். அவ்வளவு தெரிந்தால் போதும்.

நம் அகப்பாட்டைப் படிக்கிற மாதிரி படித்துப் பாருங்கள். அகத்தில் தலைவன் தலைவிக்குப் பெயர் வைக்கக் கூடாது, ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்கிறது தொல்காப்பியம். இங்கேயும் பெயர் இல்லை, ஒருத்தி ரெட், ஒருத்தி ப்ளூ, இரண்டே நிறம். ஊரும் காலமும் பின்னால் போய்விட, ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்வது மட்டும் முன்னால் நிற்கிறது. சொல்லும் வழியைப் பாருங்கள். எதிரிக்குக் கடிதம் எழுதுவது தெரிந்தால் உயிர் போகும், அதனால் தாளில் எழுத முடியாது. ஒரு கடிதம் மரத்தின் உள்வளையங்களில் இருக்கிறது, மரத்தை வெட்டினால்தான் படிக்கலாம். ஒரு வரி எழுத எத்தனை வருடம் அந்த மரத்தை அப்படி வளர்த்திருக்க வேண்டும்! வேறொரு கடிதத்தை விதை விதையாகத் தின்றுதான் படிக்க வேண்டும். ஏளனமாக ஆரம்பிக்கும் கடிதங்கள் எந்த இடத்தில் மாறின என்று திரும்பிப் போய்த் தேடினேன், இன்ன இடம் என்று என்னால் விரல் வைக்க முடியவில்லை.

ரெட்டை மேக்ஸ் கிளாட்ஸ்டனும் ப்ளூவை அமல் எல்-மொஹ்தாரும் எழுதினார்கள், எதிரெதிரே உட்கார்ந்து மாற்றி மாற்றி. 2019-ல் வந்து, குறுநாவலுக்கான ஹியூகோ, நெபுலா விருதுகள் இரண்டையும் வாங்கியது. 2023 மே மாதம், ஒரு ஜப்பானிய அனிமேவின் ரசிகர் கணக்கு நடத்தும் ஒருவர், எதுவும் விசாரிக்காமல் இதைப் படியுங்கள் என்று ட்விட்டரில் ஒரு பதிவு போட, நான்கு வருடப் பழைய புத்தகம் திடீரென்று அமேசான் விற்பனைப் பட்டியலில் மேலே ஏறியது. பிடித்ததை இன்னொருவரிடம் சொல்வதற்கு இவ்வளவு பலம் இருக்கிறது. நூறாவது பக்கம் வரை போய்ப் பாருங்கள், அப்போதும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக மூடி வைக்கலாம்.

கேள்வி: என் மகளுக்குப் பதினாறு வயது. அவள் பையில் இரண்டு பெண்கள் காதலிக்கும் கற்பனைக் கதைப் புத்தகம் ஒன்றைப் பார்த்தேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அவளிடம் கேட்கவா, வேண்டாமா? பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், கும்பகோணம்

சகோதரி, எடுத்த இடத்திலேயே வைத்தீர்களே, அதற்கு முதலில் நன்றி. என் பத்தொன்பதாம் வயதில் இப்படி ஒரு புத்தகம் வீட்டில் பிடிபட்டது. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, மறுநாள் புத்தகம் இல்லை, அவ்வளவுதான். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது, ஆனால் கேட்காமலே போனதுதான் பல வருடம் வலித்தது.

புத்தகம் படித்து யாருடைய மனசும் வேறு திசைக்குத் திரும்பிவிடாது. உங்கள் மகள் பெண்களை விரும்புகிறவளாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், வகுப்பில் எல்லாரும் படிக்கிறார்கள் என்று அவளும் படிக்கலாம், டிராகனுக்காகவும் படிக்கலாம். புத்தகத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். படித்து முடித்ததும் எனக்கும் கொடு என்று மட்டும் கேளுங்கள். அவள் பதறினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

நீங்களே ஒன்று படிக்க நினைத்தால் மாலிண்டா லோ எழுதிய ‘ஆஷ்’ (2009) இருக்கிறது, இளைஞர்களுக்கான நாவல். சிண்ட்ரெல்லா கதைதான். அம்மா இறந்து, அப்பாவும் இறந்து, சிற்றன்னை வீட்டில் வேலைக்காரியாகக் கிடக்கும் ஆஷ், அரசரின் வேட்டைக் குழுவுக்குத் தலைவியான கைசாவைக் காதலிக்கிறாள். அந்த நாட்டில் இதை யாரும் ஆச்சரியமாகக்கூடப் பார்ப்பதில்லை. ஆஷுக்கு இருக்கும் கஷ்டமெல்லாம் அம்மாவின் சாவிலிருந்து மீள்வதுதான், பெண்ணைக் காதலிப்பது அவளுக்குக் கஷ்டமே இல்லை. இப்படி ஒரு உலகத்தை ஒரு பதினாறு வயதுப் பெண் இருநூற்றுச் சொச்சம் பக்கத்துக்காவது பார்த்துவிட்டு வரட்டுமே.

பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த, ஒருவரையொருவர் விரும்பும் இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கு உங்களுக்கு நினைவிருக்கலாம். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே முன்முடிவுகள் இருப்பதாக வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் 2021 ஜூன் 7-ல் உத்தரவு எழுதினார். தன்பாலீர்ப்பை மருத்துவத்தால் ‘மாற்ற’ முயல்வதையும் அதில் தடை செய்தார். ஒரு நீதிபதிக்கே கற்றுக்கொள்ள நேரம் தேவைப்பட்டது. நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். மகளை யாரிடமும் ‘சரி செய்ய’ மட்டும் கூட்டிப் போகாதீர்கள்.

கேள்வி: எல்லாம் வெள்ளைக்காரர் உலகமாகவே இருக்கிறது. நம் பக்கத்து வாசனையோடு ஏதாவது உண்டா?
– வாசகி, கோவை

உண்டு. தாஷா சூரியின் ‘த ஜாஸ்மின் த்ரோன்’, 2021. பிரிட்டனில் வாழும் இந்திய வம்சாவளி எழுத்தாளர் அவர், இந்த நாவலுக்கு 2022-ல் உலக மிகுபுனைவு விருது கிடைத்தது. பேரரசன் தன் தங்கை மாலினியைச் சிதையில் ஏறச் சொல்கிறான், மாட்டேன் என்கிறாள், ஹிரணா என்ற பாழடைந்த கோயிலில் சிறை வைக்கிறான். அங்கே வேலைக்கு வரும் பிரியா பார்வைக்குப் பணிப்பெண், உள்ளே அந்தக் கோயிலின் பழைய சக்தியைச் சுமப்பவள். நாட்டில் ஒரு விநோத நோய் பரவுகிறது, மனித உடம்பில் இலையும் பூவும் முளைக்கும் நோய். மாலினி நல்லவள் இல்லை, தந்திரக்காரி, அதிகாரம் வேண்டும் அவளுக்கு, அதை மறைக்கவும் மாட்டாள். பிரியாவுக்கு அது தெரியும். தெரிந்தே விரும்புகிறாள். ஒருத்தியின் மக்களை இன்னொருத்தியின் குலம் அடிமைப்படுத்தி வைத்திருக்கும்போது காதல் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை மூன்று பாகத்துக்கு விடாமல் கேட்கிறார். நடுப்பாகம் கொஞ்சம் இழுக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் வந்துவிட்டன, கடைசிப் பாகம் 2024-ல்.

கேள்வி: இதையெல்லாம் எழுதுகிறவர்கள் தங்கள் வாழ்க்கையிலிருந்து எழுதுகிறார்களா?
– வாசகர், புதுச்சேரி

எல்லாரையும் பற்றிச் சொல்ல முடியாது, ஒருவரைச் சொல்கிறேன். இங்கிலாந்தைச் சேர்ந்த நிக்கோலா கிரிஃபித் 1988-ல் அமெரிக்காவில் கிளாரியன் என்ற அறிவியல் புனைகதைப் பட்டறைக்குப் போனார். அங்கே இன்னொரு மாணவியான கெல்லி எஸ்கிரிட்ஜைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து வாழ வேண்டும் என்றால் அமெரிக்கா இவரை உள்ளே விட வேண்டும், ஆனால் பெண்ணுக்குப் பெண் துணை என்று எந்தச் சட்டமும் அப்போது ஒப்புக்கொள்ளாது. கடைசியில் இவர் அங்கே வாழ்ந்து எழுதுவது நாட்டின் நலனுக்கு நல்லது என்று அரசே ஏற்று அனுமதி கொடுத்தது, அப்போது அது புதிய முன்னுதாரணம். 1993-ல் தங்களுக்குள் திருமணம் செய்துகொண்டார்கள், சட்டப்படி செய்துகொள்ள 2013 ஆனது. எஸ்கிரிட்ஜும் நாவலாசிரியர்தான்.

கிரிஃபித்தின் முதல் நாவல் ‘அம்மோனைட்’டில் ஜீப் என்ற கிரகம் வருகிறது, அங்குள்ள வைரஸ் ஆண்கள் எல்லாரையும் கொன்றுவிட்டது. ரஸ்ஸின் கதைபோல் தோன்றும், ஆனால் இங்கே பூமியிலிருந்து ஆண்கள் வந்து கேள்வி கேட்பதில்லை. மார்கே என்ற மானிடவியலாளர் தடுப்புமருந்தைச் சோதிக்க வருகிறாள், அங்கேயே ஒருத்தியாகிறாள். கொலைகாரி, படகோட்டி, வியாபாரி, மந்தை மேய்ப்பவள் என எல்லா விதமான பெண்களும் இருக்கிறார்கள், அவர்கள் தேவதைகள் இல்லை. அடுத்த நாவல் ‘ஸ்லோ ரிவர்’ (1995, நெபுலா) இன்னும் துணிச்சல். பணக்காரக் குடும்பத்திலிருந்து கடத்தப்பட்டுத் தப்பிய லோர், தன்னைக் காப்பாற்றிய ஸ்பானர் என்ற திருடியோடு வாழ்கிறாள். அந்த உறவு அவளை மெல்ல அரிக்கிறது. அதிலிருந்து வெளியேறிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலைக்குச் சேர்கிறாள். பெண்ணும் பெண்ணும் என்பதாலேயே காதல் புனிதமாகிவிடாது என்று எழுத அந்தக் காதலை உள்ளிருந்து அறிந்த ஒருவருக்குத்தான் தயக்கமில்லை. கழிவுநீரைச் சுத்தப்படுத்தும் நுண்ணுயிர்களைப் பற்றிய பக்கங்களைத் தாண்டிவிடாதீர்கள், லோர் திரும்ப மனுஷியாவது அங்கேதான்.

கேள்வி: எனக்கு வயது 61. இந்தக் கதைகளில் எல்லாரும் இருபது வயதில் இருக்கிறார்கள். நானும் என் தோழியும் சேர்ந்து முப்பது வருடம் ஆகிறது. எங்களுக்கு ஏதாவது இருக்கிறதா?
– ஊரும் வேண்டாம்

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன்.

அலியெட் தெ போதார் எழுதிய ‘த ரெட் ஸ்காலர்ஸ் வேக்’ (2022) படியுங்கள். வியட்நாமியப் பண்பாட்டின் மேல் கட்டிய விண்வெளி. ஸிச் ஸி குழந்தை பெற்றவள், கொள்ளையரிடம் கைதியாக மாட்டியவள். ரைஸ் ஃபிஷ் ஒரு விண்கலம், ஆமாம், விண்கலமேதான், அறிவும் மனமும் உள்ள கலம், துணையை இழந்த விதவை. பாதுகாப்புக்காக ஓர் ஒப்பந்தக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். இருவருக்கும் பின்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது, பிள்ளை இருக்கிறது, இழப்பு இருக்கிறது, அதை எல்லாம் வைத்துக்கொண்டு மறுபடி ஒருவரை நம்புவது எப்படி என்பதுதான் கதை.

அதைவிடச் சிறியது வேண்டுமென்றால் மல்கா ஓல்டரின் ‘த மிமிக்கிங் ஆஃப் நோன் சக்ஸஸஸ்’ (2023). பூமி வாழ முடியாமல் போய் மனிதர்கள் வியாழனைச் சுற்றி இரும்பு வளையங்களில் குடியிருக்கிறார்கள், அதன்மேல் ரயில் ஓடுகிறது. மோஸா துப்பறிகிறவள், பிளெய்ட்டி பேராசிரியை. கல்லூரி நாளில் காதலித்துப் பிரிந்தவர்கள், ஒருவர் காணாமல் போன வழக்கில் திரும்பச் சந்திக்கிறார்கள். வெளியே நச்சுக்காற்றும் குளிரும், உள்ளே கணப்பும் சூடான தேநீரும். இருவரும் அறுபது வயதுக்காரர்கள் இல்லை. ஆனால் ஒருத்தி எப்போது பேச மாட்டாள், எப்போது சாப்பிட மறப்பாள் என்று இன்னொருத்திக்குத் தெரியும், உங்களுக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன். இருநூறு பக்கத்துக்குள்தான். ஒருவர் சத்தமாகப் படிக்க இன்னொருவர் கேட்கலாம், நான்கைந்து இரவில் முடிந்துவிடும். அடுத்த பாகமும் வந்துவிட்டது.